போடாத பதினொரு குளிசைகள்

கட்டுகஸ்தோட்டை,
நோன்பு 14, புதன்.

அன்பு மகள் சப்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உன்னை அல்லாஹ் முழுச் சுகத்தோடு வைப்பானாக. வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன் தம்பி பவாஸுக்குப் பல்லேகலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி என் கதை. உம்மா ஒரு பிழை செய்துவிட்டேன் மகள். கட்டிக்குக் காலையும் இரவும் குளிசை போடுவதால் நோன்பு பிடிக்கவேண்டாம், பதிலுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று டொக்டரும் மௌலவியும் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, நாற்பது வருடம் பிடித்ததை விட மனமில்லாமல் நோன்பைப் பிடித்தேன். முதல் இரண்டு நாளும் காலைக் குளிசையை விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு போட்டேன், எல்லாம் வாந்தியில் போனது. மூன்றாம் நோன்பிலிருந்து காலைக் குளிசையை விட்டுவிட்டேன், இரவில் மட்டும் போட்டேன். ஆனால் குளிசைக் கணக்குக் கொப்பியில் இரண்டுக்கும் சரி அடையாளம் போட்டேன். போன கிளினிக்கில் சிங்களப் பெண்மணியான டொக்டர் நோனா அந்தக் கொப்பியைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர் இங்கே வேறு யாருமில்லை என்று மற்றவர்களுக்கும் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று நீ முன்பு அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பக் கேட்டேன். வளர்ச்சிக் காரணி வந்து செல்லின் மேலுள்ள வாங்கியில் ஒட்டினால் பிரி, பிரி என்று உள்ளே செய்தி போகும், நல்ல செல்லில் அந்தச் செய்தியே ஒரு தடுப்புப் புரதத்தையும் உண்டாக்கும், அது வந்து போதும் என்று நிறுத்தும் என்றாய். என் கட்டியில் அந்தப் புரதம் ஓய்ந்துவிட்டது, அது விட்ட வேலையைத்தான் குளிசை செய்கிறது என்றும் சொன்னாய். நான் அகராதி பார்த்து எழுதிவைத்ததுதான் எல்லாம். கடைசியில் நீ சொன்னதைத்தான் மறந்திருந்தேன்: "உம்மா, ஒண்டையும் விடாதீங்க. ஸ்கேன்ல வளந்திருந்தா குளிசை வேல செய்யல்லண்டு நெனச்சு வேற மருந்துக்கு மாத்திடுவாங்க." வரும் செவ்வாய்க்கிழமை ஸ்கேன். பதினொரு பகலும் எனக்குள்ளே தடுக்க ஆளில்லாமல் என்ன நடந்ததோ. அக்குளில் கை வைக்கவே பயமாக இருக்கிறது, வைக்காமலும் இருக்க முடியவில்லை.

நேற்றே பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, மிஞ்சிய குளிசைகளை வாப்பாவின் முன்னே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்றிருந்தேன். குளிசைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் தந்த சலுகைய வாணாம் எண்டு சொல்ல நீ என்ன பெரிய மனுசியா றம்லத்?" என்று மட்டும் கேட்டார். இன்று காலை எட்டு மணிக்கு, அவர் நோன்போடு தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்து தந்து, நான் வெட்கப்படக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நோன்பை விட்டு, பிஸ்மி சொல்லிக் குளிசையைப் போட்டேன். பயத்தை மட்டும் விழுங்க முடியவில்லை.

என் சிங்களம் கடைப் பேச்சுக்குத்தான் போதும். நீ டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பு, ஸ்கேனுக்கு முன் நானே கொடுப்பேன். கொப்பியில் பதினொரு இடத்தையும் சிவப்பால் வெட்டியிருக்கிறேன். வாப்பா கொப்பியையும் இந்தக் கடிதத்தையும் போனில் படம் பிடித்து அனுப்புவார். ஆய்வுகூடத்துக்குப் பசியோடு போகாதே, அந்த நாட்டுக் குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் கையால் நாலு பேருக்குச் சுகம் கிடைக்க அல்லாஹ் அருள்வானாக. ஒன்றை மட்டும் மறக்காதே மகள்: டொக்டருக்கு எழுதும் கடிதத்தில் உம்மா மறந்துவிட்டார் என்று எழுதாதே, தெரிந்தே விட்டார் என்று எழுது.

உனக்காக துஆவில் இருக்கும்,
உம்மா றம்லத்