சீல் இல்லாத சான்றிதழ்

டெல்பின் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால் வாரம் முழுதும் நீங்கள் தங்கி வேலை பார்க்கும் ராஸ் லஃபானுக்குக் கொண்டுபோகும் டியூட்டிப் பையில் இதை வைக்கிறேன்.

மகள் கேட்பது அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு கலைப் படிப்பு. அதற்கு முப்பது லட்சம் கடன். படித்துவிட்டு வாங்கும் சம்பளம் வட்டிக்கே போய்விடும் என்றீர்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒன் அம்மையும் எம்.ஏ. தாம் மக்ளே. இருவது வருசமா தோஹாவுல இருக்கா, ஒத்த ரியால் சம்பாதிச்சாளா?"

அவள் சிரித்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

நாம் இங்கே வந்த வருடமே ஒரு பள்ளியில் எனக்கு வரலாற்று ஆசிரியை வேலை தருவதாகச் சொன்னார்கள். சான்றிதழில் தூதரக சீல் மட்டும் கேட்டார்கள். உங்கள் டிப்ளமோவும் என் எம்.ஏ.வும் ஒரே உறையில் போக வேண்டியவை. "வீட்டுல இருக்கியவளுக்கு எதுக்குட்டி சீலு?" என்று என்னுடையதை உருவி எடுத்தீர்கள். உங்களுடையது சீலோடு திரும்பி வந்தது, சம்பளமும் ஏறியது. என்னுடையது இன்னும் சூட்கேஸின் அடியில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் இந்த சீல் கதையை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன். சொன்ன பிறகு, கடன் வேண்டாம் என்று நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன். அதுவரை உங்கள் கணக்கை அவள் காதில் ஏற விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு எம்.ஏ.