அட்ஜஸ்ட் என்று சொன்னவர் எங்கே படுத்தார்?

அண்ணி,

சுருட்டி வைத்திருந்த உங்கள் தாழம்பாயை இன்று பிரித்தேன். இந்த ஆக்லாந்து அறை முழுக்க உங்கள் வுனிமோனோ கிராமத்து வீட்டு வாசனை. பாயைத் தேட வைத்தவன் என் மகன். மருமகளின் பெற்றோர் வந்து தங்கப் போகிறார்களாம். "அப்பா, கொஞ்ச நாள் கராஜில அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று இந்தியில் சொன்னான். இப்போதெல்லாம் அவனுக்குத் தமிழ் வருவதில்லை. 'அட்ஜஸ்ட்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

பஸ்ஸில் அது நல்ல சொல். யாராவது சொன்னால் சீட்டில் எல்லோரும் ஒரு சாண் நகர்வார்கள். என் பிள்ளைகளின் யூனிபாரத்தைப் பிரித்துப் பெரிதாக்கித் தந்தீர்களே, அதுவும் அட்ஜஸ்ட்தான். ஆனால் நம் தீவு நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்த அந்த வருடம், ட்ரெகேட்டியில் என் நெல்வயலின் குத்தகை இனி இல்லை என்று சொல்ல வந்த அதிகாரியும் அதையேதான் சொன்னார். "அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மூட்டை முடிச்சோடு சவுசவு துறைமுகத்தில் உங்கள் தீவுக்குக் கப்பலேறினோம்.

உங்கள் வாசலில் வந்து நின்றபோது நீங்களும், "வாங்க தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றீர்கள். எனக்குப் பகீரென்றது. உள்ளே கட்டிலைக் காணோம், பீரோவைக் காணோம். அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் மூச்சு விடமாட்டார்கள். வீட்டுச் சாமான் மட்டும் ஒவ்வொன்றாகக் குறையும். உங்கள் அண்ணனோ சிட்னியில் இருந்தார். என் அண்ணன் செத்த பிறகு உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? நீங்களும் கிளம்பிவிட்டால் நாங்கள் நடுத்தெருவில்தான். மூட்டையைக்கூட அவிழ்க்காமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, நீங்க எப்ப கெளம்புறீங்க?"

"அரே, நான் எங்க போறது? நாலு பேரு காலு நீட்டிப் படுக்கணுமே, அதான் ஒங்க சேதி வந்ததும் கட்டில எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்ப நீங்க?"

"அடுப்படியில. பாய் இருக்கில்ல?"

அப்போதும் நான் நம்பவில்லை. தபால்காரர் வந்தால் உங்களுக்கு முன்னால் ஓடினேன். சிட்னியிலிருந்து போன் வந்தபோது கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். "வரல அண்ணே. வீடு நெறஞ்சு கெடக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கடைசியில் கிளம்பியது நாங்கள்தான். "அங்க எடம் பத்தலன்னா விரிச்சுக்கங்க" என்று இந்தப் பாயைச் சுருட்டிக் கொடுத்தீர்கள். உங்களைப் புதைத்த நாளில் என்னால் வர முடியவில்லை.

இங்கே பாக்டரி போர்மேன், வீட்டு ஏஜென்ட், சர்ச்சில் முன்வரிசைக்காரர் என்று எத்தனையோ பேர் என்னை அட்ஜஸ்ட் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் தன் இடத்தை விட்டு நகர்கிறாரா என்று பார்ப்பேன். பெரும்பாலும் நகர்வதில்லை.

மகனிடம் அதை வாய்விட்டே கேட்டேன், அவனுக்குப் புரியும்படி இந்தியில்.

"சரிடா. நீ எங்க படுப்ப?"

உங்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்த பிள்ளைகளில் ஒருவன்தானே அவன். பாயை அவன் கையில் கொடுத்தேன்.