கறுத்த வாழைப்பழ ஐஸ்

சின்னவளே,

சாவி என் பழைய ஷூவுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் இன்று சரக்கு எண்ணுகிறோம். நான் வர இருட்டிவிடும். அடுப்பில் சூப் இருக்கிறது, சுடவைத்து அப்பாவுக்குக் கொடு.

ஃப்ரீசரில் நீல டப்பாவில் பழ ஐஸ். நான் செய்தது. சிரிக்காதே. வாரத்துக்கு ஒரு நாள் வந்து நீ அரைத்து வைக்கிற ஐஸை அப்பா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார். தினமும் அவர் பின்னால் ஓடுகிற எனக்கு வயிறு எரியாதா? முதலில் விறைப்பான பழமாகப் பார்த்து வாங்கி, நறுக்கி, உறையவைத்து அரைத்தேன். "என்னம்மா இது, ஐஸா சாக்பீஸா?" என்றார். சர்க்கரைதான் சேர்க்கக் கூடாதே. கோபத்தில், குப்பைக்கு ஒதுக்கியிருந்த தோல் கறுத்த பழங்களை அதே மாதிரி அரைத்தேன். அத்தனை இனிப்பு! இந்த வித்தையை நீ என்னிடம் மூச்சே விடவில்லையே, கள்ளி.

நேற்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இந்த வாரம் அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான். "சின்னவ கைப்பக்குவமே தனி" என்றார். "ஆமாப்பா, அவ வச்சிட்டுப் போனதுதான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கேட்டால் நீயும் ஆமாம் என்றே சொல். நான் செய்தது என்று தெரிந்தால் பாதியில் வைத்துவிடுவார்.

– பெரியவள்

பி.கு.: கல்லாக இருக்கும், கொஞ்ச நேரம் வெளியே வை. சின்னக் கிண்ணம்தான், கெஞ்சினாலும் கூடக் கொடுக்காதே.

இன்னொன்று: நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார். உன்னுடையதைவிட நன்றாக இருந்தால், அப்பாவிடம் வேண்டாம், என்னிடம் மட்டும் சொல்.