உன் வெண்கலக் கோட்டு

மச்சான்,

காலையில் உன் மகள் சேலையூரில் என் தையல் கடைக்கு வந்திருந்தாள். அவள் கல்யாண வரவேற்புக்கு நீ போட்டுக்கொண்ட கோட்டைக் கொண்டுவந்தாள். பையைப் பிரித்ததும் அன்று நான் உனக்குப் பூசிவிட்ட அத்தர் லேசாக மணத்தது.

இந்தக் கேம்ப் ரோட்டில் கோட்டு தைக்கிறவனுக்கு அந்தக் காலத்துக் கிரேக்க வீரன் என்ன உடுத்தினான் என்பது எதற்கு? நீ விட்டால்தானே. ஆபீஸ் முடிந்ததும் வந்து, நான் துணி வெட்டுகிற மேஜையில் படப்புத்தகத்தை விரித்துவிடுவாய். கவசத்தின் வெண்கலத் தகட்டிலேயே மார்புத் தசை, வயிற்று மடிப்பு, தொப்புள் வரை அடித்து எடுத்திருப்பார்கள். சண்டைக்குப் போகிறவனுக்குத் தொப்புள் எதற்கடா என்று கேலி செய்வேன்.

"உள்ள இருக்கிறவன் நோஞ்சானா இருந்தாலும் வெளிய தெரியாதுல்ல மச்சான்" என்பாய்.

நோய் திரும்பி வந்தபோது அதையே பிடித்துக்கொண்டாய். தெரிந்தால் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவாள் என்பதுதான் உன் பயம். ஒட்டிய கன்னத்தை மறைக்கத் தாடி வளர்த்தாய். உடம்பை மறைக்க என்னிடம் வந்தாய்.

"எனக்கு ஒரு வெண்கல நெஞ்சு தைச்சுக் குடு."

அளவெடுக்கும்போது நீ ஏதோ ஜோக் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோளிலும் மார்பிலும் பஞ்சு வைத்துத் தைத்தேன்.

தாம்பரம் மண்டபத்து மேடையில் நிமிர்ந்து நின்றாய். உடம்பு தேறிவிட்டதே என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் உன்னைக் கட்டிப்பிடித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. அவளோ சிரித்தபடி விலகினாள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாய். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

இன்று டீ வாங்கிக்கொடுத்து, உன் அப்பா நம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டாரே என்றேன். அவள் கோட்டின் மார்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அங்கிள். கட்டிப்பிடிச்சேன், கையில பஞ்சுதான் பட்டுச்சு. அப்பா ரொம்ப உள்ள இருந்தார். நான் அழுதிருந்தா அவர் தோத்துப்போயிருப்பார்."

அன்று மேடையில் கவசம் போட்டிருந்தது நீ மட்டும் இல்லையடா.

பஞ்சை எடுத்துவிட்டு, உன் மருமகன் அளவுக்குப் பிடித்துத் தரச் சொல்லிவிட்டுப் போனாள். கத்தரியை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவருக்கு வேறு கோட்டு தைத்துக் கொடுத்துவிடுகிறேன். இது என் கடையிலேயே, நெஞ்சை நிமிர்த்தியபடி தொங்கட்டும்.