உறைந்த எண்ணெய் போட்ட கோடு

இன்று காலை குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. தில்லிக்குக் குளிர் வந்துவிட்டது என்று எனக்கு வானிலை அறிக்கை சொல்ல வேண்டியதில்லை, இந்த பாட்டில் சொல்லிவிடும். பால்கனிச் சுவரில் வெயில் விழும் இடமாகப் பார்த்து அதை வைத்துவிட்டு, இளகும்வரை பக்கத்திலேயே நின்றேன். மெல்ல வாசனை வந்தது. கூடவே எனக்குச் சிரிப்பும் வந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே "க்யா ஹுவா, பேட்டா?" என்று, என்ன ஆயிற்று என விசாரித்தார். என்னவென்று சொல்ல? எண்ணெயால் மூக்குடைபட்ட இரண்டு விமானப் பொறியியல் மாணவிகளின் கதையை இந்தியில் விளக்கும் பொறுமை எனக்கில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

தமிழில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்திருந்தால் முதல் வரியிலேயே "ஏட்டி, ஆடியோவா அனுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குச் சாயங்காலம் ஆயிரும்" என்று பதில் போட்டிருப்பாய். மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்த திமிர் எனக்கு. நீயோ இந்திப் பள்ளியில் படித்து, அப்பா அம்மா பேசுவதைக் கேட்டே திருநெல்வேலித் தமிழைப் பிடித்துக்கொண்டவள். தில்லியில் பிறந்த ஒருத்தி, தாமிரபரணியை இரண்டு முறை கோடை விடுமுறையில் பார்த்ததோடு சரி, அப்படிப் பேசுவது எனக்கு முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. நம் வகுப்பில் தமிழ் பேசும் பெண்கள் நாம் இருவர்தான். வேறு வழியில்லாமல் சிநேகிதமானோம் என்று நீ எல்லாரிடமும் சொல்வாய்.

இறுதியாண்டு ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடிய நாட்களில் மற்றவர்கள் எல்லாம் ராக்கெட்டுக்குக் குறையாமல் எதையும் தொடவில்லை. நீ வகுப்பறை ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்து, கறுத்துப்போன விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாய். "இதான் நம்ம டாபிக்." தில்லிப் புழுதி! இந்த ஊர்க் காற்றில் பறக்கும் சின்ன ஆளில்லா விமானத்தின் இறக்கையில் புழுதி படிந்தால் என்ன ஆகும்? காற்று இறக்கையை ஒட்டி வழுக்கிக்கொண்டு ஓடும்வரைதான் விமானம் மேலே நிற்கும். பாதியிலேயே அது இறக்கையை விட்டு விலகிவிட்டால் தூக்கும் பலம் போய்விடும். புழுதி அந்த விலகலைச் சீக்கிரமாக்குகிறதா என்பதுதான் நம் கேள்வி.

காற்று கண்ணுக்குத் தெரியாதே. அதைப் பார்க்க ஒரு பழைய வழி இருந்தது. இறக்கைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, எண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்து அதன் மேல் தடவி, காற்றுச் சுரங்கத்துக்குள் நிறுத்துவது. சுரங்கம் என்றால் ஒரு முனையில் பெரிய விசிறி வைத்த நீளமான பெட்டி, அவ்வளவுதான். காற்று போகும் வழியெல்லாம் எண்ணெயை இழுத்துக் கோடு போடும். எந்த இடத்தில் இறக்கையை விட்டு விலகுகிறதோ அங்கே பொடி குவிந்து ஒரு வெள்ளைப் பட்டை விழும். ஆய்வகத்து எண்ணெயில் மண்ணெண்ணெய் நாற்றம் தாங்காமல் உனக்குத் தலைவலி வந்தது. மறுநாள் உன் பையிலிருந்து வீட்டுத் தேங்காய் எண்ணெயும், என் பையிலிருந்து அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த கோலப்பொடியும் ஆய்வக மேஜைக்கு வந்து சேர்ந்தன. அக்டோபர் மாதம், நல்ல புழுக்கம். சுத்தமான இறக்கையில் தடவி விசிறியைப் போட்டோம். அத்தனை அழகான கோடுகளை என் அம்மாகூடப் போட்டதில்லை. பட்டை இறக்கையின் வால் பக்கம் போய் விழுந்தது. நம் கைடு சார் குனிந்து பார்த்துவிட்டு "பஹுத் படியா!" என்று பாராட்டினார்.

அப்புறம் பரீட்சை, வைவா, உன் அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி, எனக்கு டெங்கு. புழுதி பூசிய இறக்கையைச் சுரங்கத்தில் ஏற்றும்போது டிசம்பர் முடியப்போகிறது. ஆய்வகத்தில் ஹீட்டர் கிடையாது. இரண்டு பேரும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கட்டியாகிக் கிடந்த எண்ணெயை வெந்நீர் டம்ளரில் வைத்து இளக்கி, பொடியைக் குழைத்து, சூடு ஆறுமுன் தடவினோம். விசிறி சுற்றியது. பட்டை எங்கே விழுந்தது தெரியுமா? இறக்கையின் மூக்கிலேயே! புழுதி படிந்த இறக்கையை விட்டுக் காற்று தொடக்கத்திலேயே விலகி ஓடுகிறது என்று அர்த்தம். நீ என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய். சார் நம் இருவருக்கும் கை கொடுத்தார். மாணவர் ஆராய்ச்சி மாநாட்டுக்கு அனுப்பினோம், எடுத்துக்கொண்டார்கள்.

உனக்கு அந்த மாநாடு வெறும் மாநாடு இல்லை. நொய்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனம் உனக்கு வேலை கொடுத்திருந்தது. உனக்கு விமானத்தைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது, எம்.டெக்., அதற்கப்புறம் ஆராய்ச்சி என்று கனவு. உன் அப்பா விமான நிலையத்துப் பராமரிப்புக் கூடத்தில் கருவி அறையைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய மூன்று பெண்களில் நீ மூத்தவள். அவருக்கும் உனக்கும் நடந்த இழுபறியில் கடைசியாக அவர் ஒரு பேச்சு சொல்லியிருந்தார்: "மாநாட்டுல பரிசு வாங்கு. வாங்கிட்டா நீ படி, நான் குறுக்க நிக்கல. இல்லன்னா வேலைக்குப் போ." நீ சரி என்று தலையாட்டியிருந்தாய். பரிசு கிட்டத்தட்ட கையில் இருப்பதாகத்தான் நாம் நினைத்தோம்.

மாநாட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அழைப்புமணி விடாமல் அடித்தது. திறந்தால் நீ. கோயிலுக்குப் போகிற சுடிதார், ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் வைத்த தலை, மறுபக்கம் பறக்கிறது. மூச்சு வாங்க, "ஏட்டி, எண்ணெய்!" என்றாய்.

"எந்த எண்ணெய்?"

"தலைக்கு வைக்கலாம்னு சுடவச்சு எவர்சில்வர் கிண்ணத்துல ஊத்துனேன். பாதியில அம்மா கூப்பிட்டான்னு போயிட்டு வாறதுக்குள்ள ஓரமெல்லாம் வெள்ளையாயிட்டு. அக்டோபர்ல எண்ணெய் ஓடுச்சு. டிசம்பர்ல எங்கட்டி ஓடும்? அங்கனயே ஒறஞ்சுட்டு! நாம பாத்தது காத்து போட்ட பட்டை இல்லட்டி. எண்ணெய் நின்ன இடம்!"

நான் அப்படியே செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் பாட்டிலை வெயிலில் வைக்கிற குடும்பம் எங்களுடையது. உங்களுடையதும்தான். கைடு சாரைக் குற்றம் சொல்ல முடியாது; அவர் லக்னோக்காரர், கடுகெண்ணெயில் வளர்ந்தவர், அது தில்லிக் குளிருக்கெல்லாம் உறையாது. கையில் இளக்கித் தடவிய நம் இரண்டு பேருக்குமே அது மண்டையில் ஏறவில்லை என்றால் என்ன சொல்வது! மறுநாள் இரண்டு ஹீட்டர்களை இரவல் வாங்கி ஆய்வகத்தைச் சூடாக்கி, அதே புழுதி இறக்கையை மறுபடி ஓட்டினோம். பட்டை சமர்த்தாக வால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நாம் பூசிய புழுதி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நம் கண்டுபிடிப்பு மொத்தமும் தில்லிக் குளிர்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றேன். உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன், அடுத்த வருஷம் வேறு மாநாடு பார்க்கலாம் என்றும் சொன்னேன். உன் படிப்பு போய்விடுமே என்பது மட்டும்தான் எனக்கு அப்போது கவலை. உனக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "வித்ட்ரா பண்ணுனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நாளைக்கு இன்னொருத்தி வந்து இதே எண்ணெயத் தடவுவா. சொல்லிருவோம்ட்டி."

சொன்னாய். முதல் படம், அக்டோபர் இறக்கை. இரண்டாவது, டிசம்பர் இறக்கை. சபையில் ஒரு ஆர்வ முணுமுணுப்பு. மூன்றாவது படமாக உங்கள் வீட்டு எண்ணெய் பாட்டில், உள்ளே வெள்ளையாக உறைந்தபடி, திரை முழுக்க. அப்புறம் அரங்கமே சிரித்தது. நடுவர்களில் ஒருவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் படங்களை நகர்த்திக்கொண்டிருந்த எனக்குக் காது சிவந்து எரிந்தது. நீ மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய்; உன் விரல்கள் வெளுத்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, எங்கே சறுக்கினோம், எப்படித் தெரிந்தது, மறுபடி எப்படிச் செய்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். "அப்படியானால் உங்கள் ஆராய்ச்சியின் பயன்தான் என்ன?" என்று ஒரு நடுவர் கேட்டார். "அடுத்து வர்றவங்களுக்கு ஒரு குளிர்காலம் மிச்சம், சார்" என்று இந்தியில் சொன்னாய். மறுபடியும் சிரித்தார்கள்.

பரிசு மடங்கும் இறக்கை செய்த குழுவுக்குப் போனது. அவர்களுக்கு நாமும் கை தட்டினோம். கடைசி வரிசையில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார்; பணி முடிந்த கையோடு, சீருடை ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். வெளியே வந்து மூவரும் மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தோம். வழியில் ஒரு தேநீர் வண்டி அருகே உன் அப்பா நின்று மூவருக்கும் தேநீர் வாங்கினார். உன்னை அவர் திரும்பியே பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"ஏம்மா, அந்த எண்ணெய் சங்கதிய இவ சொல்லலன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது, அங்கிள்."

தேநீரைக் கடைசி வாய் வரை குடித்தார். கோப்பையைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். "விமானத்த ரிப்பேர் பாக்க எங்க ஹாங்கர்ல வேலை முடிஞ்சதும் கருவியெல்லாம் எண்ணிப் பாப்போம். ஒரு ஸ்பேனரக் காணலன்னு எவனாவது ஒருத்தன் சொன்னா, எஞ்சினுக்குள்ள கெடக்கோ என்னவோன்னு, அது கெடைக்கது வரைக்கும் விமானம் கெளம்பாது. பெரிய ஆபீசர்ல இருந்து பயணி வரைக்கும் எல்லாரும் காத்துக் கெடப்பாவ. ஆனா சொன்னவன ஒருத்தரும் வைய மாட்டாவ. சொல்லாம இருக்கவனத்தான் எங்களுக்குப் பயம்." கொஞ்சம் நிறுத்தி, அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டு, "இவ படிக்கட்டும்மா" என்றார்.

நீ முகத்தைக் கோப்பைக்குள் புதைத்துக்கொண்டாய். நான் பார்ப்பது தெரிந்ததும், "என்னட்டி பாக்குத? டீ சூடு, கண்ணுல தண்ணி வருது" என்றாய். அன்றைக்கு இருந்த குளிரில் அந்தத் தேநீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

பிறகு நீ தெற்கே போய்ப் படித்தாய், இறக்கைகளோடு உனக்குப் பிடித்த மாதிரி வாழ்ந்தாய். அந்த வருஷங்கள் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். நோய் வந்ததும் சிகிச்சைக்கு வேறு ஊர் போனதும் எல்லாம் போனில்தான் எனக்குத் தெரிந்தது. நான் தில்லியிலேயே, மலை கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்தேன். உன்னிடம் நன்றி என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "ஸ்பீச்சாட்டி?" என்று கேட்டு என் மானத்தை வாங்கியிருப்பாய். இப்போது நீ குறுக்கே பேச முடியாது, கேட்டுக்கொள்: உன்னால்தான் இந்தத் தொழிலில் எனக்கு முதுகெலும்பு என்று ஒன்று முளைத்தது. ரொம்ப நன்றி.

போன மழைக்காலத்தில் எங்கள் குழு ஒரு சோதனை அறிக்கையை அனுப்பியிருந்தது. எல்லாரும் பாராட்டிவிட்ட அறிக்கை. பறக்கும் நாளும் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் ஈரக்காற்றுக்கான கணக்கு ஒன்று பிசகியிருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. கூட்டத்தில் அதை யார் சொல்வது என்று எல்லாரும் அவரவர் கணினித் திரையைப் பார்த்தோம். நான் எழுந்தேன். அன்று நீ பிடித்த மாதிரியே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழுக்கச் சொல்லி முடித்தேன். பறக்கும் நாள் தள்ளிப்போனது. மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மருத்துவமனையில் இருந்த உன்னை அழைத்தேன். உனக்குப் பேச மூச்சு போதவில்லை. இருந்தும் விஷயத்தைச் சொன்னதும் கேட்டாய்:

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்டி."

"சிரிச்சாங்களா?"

"இல்ல. ஒருத்தர்கூடச் சிரிக்கல."

"சே! எனக்கு மட்டும் ஹால் ஃபுல்லா சிரிச்சாங்க."

இருமலுக்கு நடுவே நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை. எங்கள் பக்கம் தவறு என்று சொல்ல வேண்டி வரும்போதெல்லாம் அது முதலில் வந்து நிற்கிறது. அறைக்குள் ஏதோ ஒரு நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், முதல் ஆளாகச் சிரிக்கத் தயாராக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுந்துவிடுகிறேன்.