எலுமிச்சையில் ஊறிய இறால்

நவம்பர் 14, வெள்ளி.

கடப்பாக்கம் தாண்டி, சாலையோரத்தில் 'மெக்சிகோ மீன் சாப்பாடு' என்று ஒரு பலகை. நானும் தங்கை செல்வியும் வண்டியை நிறுத்தினோம். கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவர் சமைக்கிறார். மனைவி சோள ரொட்டி தட்டுகிறார், மகள் பரிமாறுகிறாள். வேறு ஆளே இல்லை.

எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறாலை மட்டும் சமையல்காரரே கொண்டுவந்து வைத்தார்.

"இன்னா அண்ணாத்த, பச்சையா கீது? வறுத்துக் குடு," என்றேன்.

எடுத்துப்போய், மிளகாய்த்தூள் போட்டு வறுத்துவந்தார். நன்றாகத்தான் இருந்தது. கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வரோம்," என்றேன்.

"வாங்க," என்றார்.

வண்டிவரை வந்த மகள் சொன்னாள்: "இன்னியோட கடைய மூடுறோம் சார். அந்த எறால மெக்சிகோல மாதிரி வறுக்காம அப்டியே ஒர்த்தராச்சும் சாப்புடுவாங்கன்னு அப்பா காலைலேர்ந்து பாத்துகினு இருந்தாரு."

பிறகு ஏன் என்னிடம் 'வாங்க' என்றார்?