இந்த ஒரு தடவை குறை சொல்லுங்க

முதுநகர், கடலூர்.
செவ்வாய்க்கிழமை

பாலகுமார் அப்பாவுக்கு,

சௌந்தரம் எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீங்களும் சிதம்பரத்துல வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இடுப்பு வலி கொறஞ்சு இருக்கணும்னு வேண்டிக்கறேன். போன்ல பேசலாம்னா உங்களுக்குக் காது கேக்கல. நான் கத்தினா முதுநகர் முழுக்கக் கேக்குது. நம்ம ஹோம் மேனேஜர் வேற பக்கத்துலயே நிக்கறாரு. அதனாலதான் இந்தக் கடுதாசி.

உங்க சீட்டாட்டக் கூட்டாளி சிங்காரம் அண்ணன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. கை வீங்கிப் போச்சு. யார்கிட்டயும் சொல்லாம, இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு மனுஷன். நம்ம ஜெயராணி நர்சா இருந்தவ ஆச்சே, சோத்தை எடது கையால அள்ளும்போதே கண்டுபிடிச்சிட்டா. ஏன்ணே சொல்லலன்னு கேட்டா, சொன்னா என்னையும் சிதம்பரத்துக்கு அனுப்பிடுவாங்கம்மான்னு அழுதுட்டாரு.

மாசம் பொறந்தா சாப்பாட்டு ஹால்லேர்ந்து கேட் வரைக்கும் நடக்கச் சொல்லிப் பாக்கறாங்களே, அந்தப் பயம்தான். நடக்க முடியலன்னா படுக்கைக்காரங்க ஹோமுக்கு வண்டி ஏத்திடறாங்க, உங்களை ஏத்தின மாதிரி. விழுந்தவங்க எல்லாரும் விழலன்னு சாதிக்கறாங்க.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, இந்த மாசம் நடக்கும்போது வேணும்னே உக்காந்துடலாம்னு நெனச்சேன். உக்காந்தா உங்ககிட்ட வந்துடலாமே! ஜெயராணி என் மூஞ்சியைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டா. நீ போயிட்டா எங்களுக்காக யாரு பேசறதுன்னு கையைப் பிடிச்சிட்டா. கேட் வரைக்கும் நடந்தேன். திரும்பி வரும்போது உங்க ஞாபகம் ஜாஸ்தியாயிடுச்சு.

நேத்து திங்கக்கிழமை மனு நாள். ஷேர் ஆட்டோ பிடிச்சு நாங்க பத்து பன்னெண்டு பேரு கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டோம். பாலகுமார் போன்ல ஒரே கோவம், இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மான்னு. இந்த வயசுலதாண்டா தேவைன்னு வச்சிட்டேன். அங்க மைக்கை என் கையில குடுத்துட்டாங்க. ராத்திரியில ஆள் வேணும், பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வேணும், முடியாமப் போனவங்களை இருக்கற எடத்துலயே வச்சுப் பாக்கணும், புருசன் பொண்டாட்டியைப் பிரிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் சொன்னேன்.

சமூக நலத்துறை அம்மா ஒருத்தவங்க பொறுமையாக் கேட்டாங்க. ஆனா நம்ம மேனேஜர் விடல. சிதம்பரத்துல இருக்கறவங்க ஒருத்தரும் குறை சொல்லலையே மேடம்னு எழுந்து நின்னாரு. அப்ப நானே வெள்ளிக்கிழமை போயி ஒவ்வொருத்தரையா கேக்கறேன், அவுங்க சொல்றதை வச்சுத்தான் நடக்க முடியாதவங்களை அனுப்பற சட்டத்தை மாத்தறதான்னு முடிவுன்னுட்டாங்க அந்த அம்மா.

அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல. உங்களைத் தெரியாதா எனக்கு? கண்டக்டரா இருந்தப்ப பஸ்ல ஏறினவங்களை எல்லாம் அதட்டுவீங்க. செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து ஏதாவது பிரச்சினையான்னா, ஒண்ணும் இல்ல சார்னு சிரிப்பீங்க. இடுப்பெலும்பு ஒடஞ்சு கெடந்தப்பவும் டாக்டர் வலிக்குதான்னு கேட்டதுக்கு, பரவால்ல சார்னு சொன்ன ஆளு நீங்க! அதனாலயே எக்ஸ்ரே எடுக்க லேட்டாச்சு.

நாளைக்கு மளிகை வேன் அங்க வருது. டிரைவர் செம்பியன்கிட்ட இதையும், உங்களுக்குப் பிடிச்ச வேர்க்கடலை உருண்டையும் குடுத்தனுப்பறேன். மென்னு சாப்பிடுங்க.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்து உங்க கட்டில்கிட்ட நிப்பாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், பரவால்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாப்பாடு நல்லா இருந்தா நல்லா இருக்குன்னே சொல்லுங்க, பொய் வேணாம். ஆனா என் பொண்டாட்டி கடலூர்ல இருக்கா, எனக்கு அவ வேணும், அதுதான் குறைன்னு சத்தமாச் சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன்.

நம்ம ரூம்ல உங்க கட்டிலுக்கு வேற ஆள் போடப் பாக்கறாங்க. பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சா எவ்ளோ சண்டை போடுவீங்க! உங்க கோடு போட்ட துண்டைத்தான் அந்தக் கட்டில்ல போட்டு வச்சிருக்கேன். எவன் வந்தாலும் எடுக்க விடமாட்டேன்.

உடம்பைப் பாத்துக்குங்க.

உங்க
சௌந்தரம்